படமும் பதிவேடும்

(வட்டக்கச்சியில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆவணப்படமும் ஒளிப்படமும் சமூகத்தை மாற்றும் என்று எல்லா மேடைகளிலும் சொல்லப்படுகிறது. கையில் தொலைபேசி வைத்திருக்கும் எவரும் ஊடகவியலாளர்தான் என்றும், ஒரேயொரு படம் ஓர் அரசை ஆட்டிவிடும் என்றும் பேசுகிறார்கள். வன்னியில் இருந்துகொண்டு இதை அப்படியே நம்புவது கடினம். இந்த மண்ணில் 2009இல் போரின் முடிவில் நடந்தவற்றின் படங்கள் லண்டனிலும் ஜெனீவாவிலும் சென்னையிலும் கோலாலம்பூரிலும் காட்டப்பட்டன. பாராளுமன்றங்களில் அவற்றைப் பற்றிப் பேசினார்கள். ஆயினும் அந்தப் படங்களில் தெரிகிற கொலைகளுக்காக இலங்கையின் எந்த நீதிமன்றமும் இன்றுவரை எவரையும் தண்டிக்கவில்லை. அதற்காகப் படங்களால் ஒன்றுமே ஆகவில்லை என்று கையை விரிப்பதும் சரியான கணக்கு ஆகாது. எந்தப் படம் எதுவரை போனது, எங்கே நின்றது, ஏன் நின்றது என்று தடம் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகிறது. படத்துக்குப் பெயரும் இடமும் நாளும் சேர்ந்து, பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒரு நிறுவனத்தின் மேசைக்கு அது போய்ச் சேர்ந்த இடங்களில் மட்டுமே ஏதோ ஒன்று அசைந்திருக்கிறது. இரணைமடுக் குளம் நிறைந்து வழிந்தாலும் வாய்க்கால் இல்லாத வயலில் நெல் விளையாது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டிய செய்தியில்லை.

முதலில், அந்தப் படங்கள் எப்படி உருவாகின என்று பார்ப்போம். பாதுகாப்புக்கு உத்தரவாதம் தரமுடியாது என்று அரசாங்கம் அறிவித்ததையடுத்து, 2008 செப்டெம்பரில் ஐ.நா. நிறுவனங்களும் பெரும்பாலான சர்வதேசத் தொண்டு நிறுவனங்களும் கிளிநொச்சியை விட்டு வெளியேறின. போகவேண்டாம் என்று ஐ.நா. அலுவலக வாசலில் சனம் கூடி மன்றாடிய காட்சி அப்போதே பதிவாகி, பின்னாளில் பிரித்தானியத் தொலைக்காட்சியான சனல் 4இன் படத்தில் இடம்பெற்றது. சுயாதீன ஊடகவியலாளர்களுக்குப் போர்க்களத்துக்குள் அனுமதி இருக்கவில்லை. 2009 ஜனவரி 2ஆம் திகதி கிளிநொச்சி நகரம் இராணுவத்தின் கைக்குப் போனது. வட்டக்கச்சி, தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு என்று கிழக்கே கிழக்கே நகர்ந்த சனம் கடைசியில் முள்ளிவாய்க்கால் கடற்கரையில் முடங்கியது. வெளியாட்களின் கமரா இல்லாத அந்த மாதங்களின் படங்கள் பெரும்பாலும் மூன்று வழிகளில் வெளியே வந்தன. உள்ளே இருந்த மருத்துவர்களும் தமிழ் ஊடகப் பணியாளர்களும் சாதாரண சனமும் எடுத்தவை முதலாவது வகை. சிப்பாய்கள் தங்கள் கைத்தொலைபேசியில் வெற்றிச் சின்னமாக எடுத்துவைத்தவை இரண்டாவது. மூன்றாவது, வானத்திலிருந்து செய்மதிகள் எடுத்தவை.

இந்த மூன்றும் உலகின் கண்ணில் ஒரே எடை பெறவில்லை. பாதிக்கப்பட்டவர் எடுத்த படத்தைப் புலிகளின் பிரசாரம் என்று தள்ளிவிடுவது கொழும்புக்கு எளிதாக இருந்தது. கொன்றவர் தரப்பிலேயே எடுக்கப்பட்ட படத்தை அவ்வளவு எளிதில் தள்ள முடியவில்லை. அதைப் பொய்யாகச் செய்ய அவருக்கு ஒரு காரணமும் கிடையாது. செய்மதிப் படத்தில் முகமும் இல்லை, அழுகையும் இல்லை; பாதுகாப்பு வலயம் என்று அறிவிக்கப்பட்ட நிலத்தில் ஷெல் விழுந்த குழிகளும் கூரை இழந்த கட்டடங்களும் மட்டும் இருந்தன. அதனால்தான் ஐ.நா. செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011இல் வெளியிட்ட அறிக்கையில் செய்மதிப் படங்களுக்கும் முக்கிய இடம் கொடுத்தது. பார்ப்பவரைக் கலங்கவைக்கும் படத்தைவிட, உணர்ச்சி ஏதுமில்லாத படம் விசாரணையில் கூடுதல் தூரம் போகலாம் என்பதைக் கமராவைத் தூக்கி நடக்கும் இளையவர்கள் கவனிக்கவேண்டும்.

இரண்டாவது வகையில் வந்த ஒரு காணொளியின் பயணத்தைச் சற்று விரிவாகப் பார்ப்போம். இலங்கையில் ஜனநாயகத்துக்கான ஊடகவியலாளர்கள் என்ற அமைப்பின் ஊடாகக் கிடைத்த அந்தப் பதிவை 2009 ஆகஸ்ட் 25ஆம் திகதி சனல் 4 ஒளிபரப்பியது. கண்ணும் கையும் கட்டப்பட்ட, ஆடையில்லாத ஆண்கள் சுடப்படும் காட்சி அது. போலி என்றது அரசாங்கம். அதைச் சொல்லத் தன் நிபுணர்களையும் நிறுத்தியது. விஷயம் அங்கேயே, இரு தரப்பும் மாறிமாறிக் கூச்சலிடுவதோடு முடிந்திருக்கலாம். ஆனால் சட்டத்துக்குப் புறம்பான கொலைகள் பற்றிய ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்டன் அதை மூன்று சுயாதீன நிபுணர்களிடம் கொடுத்தார். ஒருவர் துப்பாக்கியின் பின்னுதைப்பைப் பார்த்தார், ஒருவர் உடல்கள் விழுந்த விதத்தைப் பார்த்தார், மற்றவர் கோப்பின் தொழில்நுட்பத்தைப் பார்த்தார். காணொளி உண்மையானது என்றே எல்லாச் சான்றுகளும் காட்டுகின்றன என்று 2010 ஜனவரியில் அல்ஸ்டன் அறிவித்தார். அதே அறிக்கையில், விளக்கம் கிடைக்காத சில கேள்விகளையும் அவர் மறைக்காமல் எழுதினார்: சிலரின் உடல் அசைவு, கடைசியில் ஒட்டியிருந்த 17 சட்டகங்கள், கோப்பில் பதிவாகியிருந்த ஜூலைத் திகதி. நீளமான பதிவு கிடைத்த பிறகு, அவருக்குப் பின்வந்த கிறிஸ்டோப் ஹெய்ன்ஸ் மேலும் ஆய்வு செய்வித்து, 2011இல் அதே முடிவுக்கு வந்தார். என் பார்வையில், அந்தக் காணொளிக்கு உயிர் கொடுத்தது அல்ஸ்டன் ஒளிக்காமல் எழுதிய அந்தச் சந்தேகப் பட்டியல்தான். சந்தேகத்தைத் தாங்கி நின்ற படத்தை எவராலும் எளிதில் அசைக்க முடியாது.

2011 ஜூன் 14ஆம் திகதி கலம் மக்ரே இயக்கிய ‘இலங்கையின் கொலைக்களங்கள்’ சனல் 4இல் ஒளிபரப்பானது. இலங்கைப் பாதுகாப்பு அமைச்சு அதற்கு எதிராக ஒரு படமே வெளியிட்டது. பிரித்தானியாவின் ஒளிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பான ஒப்கொம், படத்தைப் பற்றி வந்த முறைப்பாடுகளை விசாரித்து, விதிமீறல் இல்லை என்றது. 2012 மார்ச் 22ஆம் திகதி ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் இலங்கை பற்றிய தீர்மானம் ஒன்று 24 வாக்குகளால் நிறைவேறியது, எதிராக 15. 2014இல் வந்த தீர்மானம் மனித உரிமை ஆணையாளர் அலுவலகத்தின் விசாரணைக்கு வழி திறந்தது. அதன் அறிக்கை 2015 செப்டெம்பரில் வெளியானது. இதைவிடக் கவனத்துக்குரியது அதே ஆண்டு ஒக்ரோபரில் நடந்தது. மகிந்த ராஜபக்ச நியமித்த பரணகம ஆணைக்குழுவே, சனல் 4 காட்சிகள் நீதிபதி தலைமையிலான விசாரணைக்குப் போதிய அளவு உண்மைத்தன்மை கொண்டவை என்று எழுதியது. ஆறு ஆண்டுகளுக்கு முன் போலி என்று தள்ளப்பட்ட படம், அரசு தானே நியமித்த குழுவின் தாளில் சான்றாக ஏறிவிட்டது.

இந்த இடத்தில் எழும் கேள்வி எனக்குத் தெரியும். ஜெனீவாவுக்குப் போய் என்ன கண்டோம்? தீர்மானம் வருகிறது, இரண்டு வருட அவகாசம் வருகிறது, திரும்பவும் தீர்மானம் வருகிறது. கிளிநொச்சியில் காணாமற்போன பிள்ளைக்காக வீதியோரம் இருக்கிற தாய்க்கு அதனால் என்ன கிடைத்தது? நியாயமான கேள்விதான். அதற்குச் சமாதானம் சொல்ல நான் வரவில்லை. மற்ற இடங்களில் படம் பலன் தர எவ்வளவு காலம் பிடித்தது, இடையில் என்ன வேலை நடந்தது என்று மட்டும் காட்ட விரும்புகிறேன். லூயிஸ் ஹைன் என்ற அமெரிக்கர் 1908இல் தேசியச் சிறுவர் உழைப்புக் குழுவுக்காகப் படம் எடுக்கத் தொடங்கினார். பஞ்சாலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் வேறு ஆளாகச் சொல்லிக்கொண்டு நுழைந்தார். தன் சட்டைப் பொத்தான்களை அளவுகோலாக வைத்துப் பிள்ளைகளின் உயரத்தைக் குறித்தார். வயது, வேலை நேரம், ஊர் எல்லாவற்றையும் எழுதினார். 1916இல் சிறுவர் உழைப்பைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. 1918இல் உச்ச நீதிமன்றம் அதைத் தூக்கி எறிந்தது. நிலைத்து நின்ற சட்டம் 1938இல்தான் வந்தது. முப்பது ஆண்டுகள். அந்தக் காலம் முழுக்க, படங்களைக் காங்கிரஸ் உறுப்பினர்களின் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டிருக்க ஓர் அமைப்பு இருந்தது. படக்காரர் மட்டும் தனியாக இருந்திருந்தால் அவை கண்காட்சிச் சுவரோடு நின்றிருக்கும்.

இன்னும் அண்மையது சிரியா. இராணுவப் பொலிஸின் படப்பிடிப்பாளர் ஒருவர், ‘சீசர்’ என்ற மறைபெயரில் அறியப்பட்டவர், தடுப்பு நிலையங்களில் இறந்தோரின் படங்களை உள்ளடக்கிய 50,000க்கும் மேற்பட்ட படங்களை 2013இல் நாட்டுக்கு வெளியே கொண்டுவந்தார். ஒவ்வொரு உடலிலும் எண் எழுதப்பட்டிருந்தது. அரசு தன் சொந்த நிர்வாகத்துக்காக எழுதிய அதே எண்தான் பின்னர் அதற்கு எதிரான சாட்சியானது. ஜெர்மனியின் கோப்லென்ஸ் நீதிமன்றத்தில் தடயவியல் மருத்துவர் அந்தப் படங்களை விளக்கினார். அந்த வழக்கில் அன்வர் ரஸ்லான் என்ற முன்னாள் அதிகாரிக்கு 2022 ஜனவரியில் ஆயுள் தண்டனை கிடைத்தது. நம்முடைய நிலைமையோடு ஒப்பிடும்போது வேறுபாட்டையும் சொல்லவேண்டும். ஜெர்மனியின் சட்டம் பிறநாட்டுக் குற்றங்களை விசாரிக்க இடம் தருகிறது. குற்றம் சாட்டப்பட்டவர் அங்கேயே வசித்தார். நம் விஷயத்தில் இதுவரை வந்திருப்பவை தடைகள்தான்: 2020இல் அப்போதைய இராணுவத் தளபதி சவேந்திர சில்வாவுக்கு அமெரிக்கா விதித்த நுழைவுத் தடை, 2023இல் கனடாவும் 2025இல் பிரித்தானியாவும் விதித்தவை. இவற்றைப் படங்கள் மட்டும் கொண்டுவந்தன என்று எவரும் சொல்ல முடியாது. படங்கள் இல்லாமல் இவை வந்திருக்கும் என்று சொல்வதும் கடினம்.

உணர்ச்சியை மட்டும் எழுப்பிய படம் எங்கே போய் நிற்கும் என்பதற்கும் நம்மிடமே உதாரணம் இருக்கிறது. 2013 பெப்ரவரியில் புலிகளின் தலைவர் பிரபாகரனின் மகன் பாலச்சந்திரனின் படங்கள் வெளியாகின. மண்மூட்டைக் காப்பரணில் அமர்ந்து எதையோ சாப்பிடும் சிறுவன். அடுத்த படத்தில் மார்பில் குண்டுக் காயங்களுடன் உயிரற்ற உடல். இரண்டும் ஒரே கமராவில், சில மணிநேர இடைவெளியில் எடுக்கப்பட்டவை என்றது படக்குழு. மோதலின் நடுவே இறந்தான் என்ற கதையை உடைத்தது அந்த இடைவெளிதான். சென்னையில் லயோலாக் கல்லூரி மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள், போராட்டம் மாநிலம் முழுக்கப் பரவியது, மார்ச் 19ஆம் திகதி தி.மு.க. மத்திய கூட்டணியை விட்டு விலகியது. ஒரு படம் இவ்வளவு விரைவாக இவ்வளவு பேரை வீதிக்குக் கொண்டுவந்தது அரிது. ஆனால் அடுத்த ஆண்டே, பேரவையில் விசாரணைக்கான தீர்மானம் வந்தபோது இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது. அந்த எழுச்சியைக் குறைத்துப் பேசவில்லை; மாணவர்கள் செய்யக்கூடியதைச் செய்தார்கள். அந்த அலையைப் பிடித்து, டில்லியின் அலுவலகங்களில் ஆண்டுக்கணக்காகக் கோப்பைத் தூக்கிக்கொண்டு திரிய ஓர் அமைப்பு இருக்கவில்லை.

அரசுகளுக்கு இந்தப் படங்கள் பிடிக்கவில்லை என்பதில் வியப்பில்லை. இந்தியத் தணிக்கைச் சபை 2014இல் மக்ரே இயக்கிய ‘நோ ஃபயர் ஸோன்’ படத்துக்குச் சான்றிதழ் மறுத்தது. கோலாலம்பூரில் அதைத் திரையிட்ட குற்றத்துக்காக லீனா ஹென்ட்ரி 2017இல் தண்டிக்கப்பட்டு 10,000 ரிங்கிட் அபராதம் பெற்றார். 2013 நவம்பரில் பொதுநலவாய மாநாட்டுக்கு வந்த மக்ரே குழு வடக்குக்கு ரயில் ஏறியபோது, அனுராதபுரத்தில் கூட்டம் ஒன்று தண்டவாளத்தை மறித்து அவர்களைத் திருப்பி அனுப்பியது. இவற்றைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுவதில் எனக்கு ஈடுபாடு இல்லை. தடை விதிக்கப்பட்டதாலேயே ஒரு படம் நல்ல சான்றாகிவிடாது.

இரண்டாவது கேள்வி இன்னும் கூர்மையானது. இறந்தவரின் மானத்துக்கு யார் பொறுப்பு? ஆடை களையப்பட்ட பெண்களின் உடல்கள் முகநூலில் ஆயிரம் தடவை பகிரப்பட்டன. போரின் முடிவில் கொல்லப்பட்ட, புலிகளின் தொலைக்காட்சி அறிவிப்பாளர் இசைப்பிரியாவின் உடலைப் பதாகையில் அச்சடித்தவர்கள் அவர் குடும்பத்திடம் ஒரு சொல் கேட்டிருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம். ஒவ்வொரு மே மாதமும் நினைவேந்தலில் சிதைந்த உடல்களைப் பெரிதாக்கி மேடைக்குப் பின்னால் தொங்கவிடும் அரசியலை நான் திருட்டு என்றே சொல்வேன். அத்தகைய படங்களை முழுமையாகப் பார்க்கவேண்டியவர்கள் தடயவியல் மருத்துவரும் நீதிபதியும். மற்றவர்களுக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவே காட்டலாம்; குடும்பம் வேண்டாம் என்றால் அதையும் காட்டக்கூடாது. காட்டாமலும் சொல்ல வழியுண்டு. கிளிநொச்சியில் ஐ.நா. பணியாளராக இருந்த பெஞ்சமின் டிக்ஸ், ஓவியர் லின்ட்சே பொலொக்குடன் சேர்ந்து 2019இல் ‘வன்னி’ என்ற சித்திர நாவலை வெளியிட்டார். சாட்சியங்களின் மேல் கட்டிய கதை அது. எந்த உண்மையான உடலும் அதில் அவமானப்படவில்லை. நீதிமன்றத்துக்கு அது சான்றாகாது. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு நடந்ததைச் சொல்லப் போதும்.

மூன்றாவது கேள்வியை இந்த மண்ணில் நின்று கேட்பது சங்கடமானது, ஆனாலும் கேட்கவேண்டும். நம்முடைய கமரா எதைக் காட்டாமல் விட்டது? புலிகளின் ஊடகப் பிரிவான நிதர்சனத்தின் படப்பிடிப்பாளர்கள் உயிரைக் கொடுத்து எடுத்தவை பல உண்டு. எந்த வெளிநாட்டுக் குழுவாலும் எடுக்க முடியாதவை. அதே கமராக்கள், பிள்ளைபிடி நடந்த நாட்களில் வாகனத்தின் பின்னால் ஓடிய தாய்மாரைக் காட்டவில்லை. கட்டாய ஆட்சேர்ப்பையும், தப்பிப்போக முயன்ற சனம் சுடப்பட்டதையும் 2011 நிபுணர் குழு அறிக்கை எழுதியிருக்கிறது. சனல் 4 படமும் சொல்கிறது. இவற்றை ஒத்துக்கொண்டால் எதிரிக்கு வாய் கிடைத்துவிடும் என்பார்கள். கொழும்பு அந்தக் குற்றங்களைத் தன் குற்றத்தை மூடவே பயன்படுத்தியது என்பது உண்மைதான். ஆனால் நாம் மறைத்தால் அந்த வாய் பெரிதாகுமே தவிர மூடாது. புலிகளையும் விமர்சிக்கும் ஜூட் ரட்ணத்தின் ‘டீமன்ஸ் இன் பாரடைஸ்’ படம் 2018இல் யாழ்ப்பாணத் திரைப்பட விழாவிலிருந்து எதிர்ப்பின் பேரில் விலக்கப்பட்டது. அந்தப் படத்தோடு எனக்கும் முரண்பாடுகள் உண்டு. பார்த்துவிட்டு மறுப்பதற்கான வாய்ப்பை விழாவுக்கு வந்தவர்கள் இழந்தார்கள். லீனா ஹென்ட்ரிக்காகக் குரல் கொடுத்துவிட்டு, யாழ்ப்பாணத்தில் நடந்ததைக் கண்டும் காணாமல் விடமுடியாது.

இனி, உறவினர் கையில் ஏந்தும் ஒளிப்படங்கள். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அவர்கள் கையில் இருந்தது அடையாள அட்டைக்கு எடுத்த படம், அல்லது கலியாண வீட்டுக் கூட்டப் படத்தில் வெட்டி எடுத்துப் பெருப்பித்த முகம். இடப்பெயர்வில் அல்பம் முழுக்கப் போன வீடுகளுக்கு அதுவும் இல்லை. ஆர்ஜென்டீனாவில் 1977இல் மே சதுக்கத்தில் நடக்கத் தொடங்கிய தாய்மாரும் இப்படியே படம் ஏந்தினார்கள். அங்கே ஆட்சி மாறியபின் விசாரணைகள் வந்தன. நடுவில் பின்வாங்கல்களும் வந்தன. இங்கே 2016இல் சட்டம் வந்து, 2018இல் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் இயங்கத் தொடங்கியது. அந்த அலுவலகத்தை உறவுகள் பலர் நம்பவில்லை. ஏன் என்பதற்கு ஒரு படமே போதும். 2015 ஜனாதிபதித் தேர்தலில் விநியோகிக்கப்பட்ட துண்டுப்பிரசுரத்தில், வேட்பாளர் மைத்திரிபால சிறிசேனவுக்குப் பக்கத்தில் பாடசாலைச் சீருடையில் நிற்பவர்களில் ஒருத்தி காணாமற்போன தன் மகள் என்று வவுனியாவில் ஒரு தாய் சொன்னார். அது மகள்தானா இல்லையா என்று நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஒரு பாடசாலையின் பெயரையும் ஒரு பிள்ளையின் முகவரியையும் தேடிக் கண்டுபிடித்து அந்தத் தாய்க்கு முடிவு சொல்ல, இரண்டு நாள் உத்தியோகத்தர் வேலை போதும். ஆண்டுகள் ஓடின. படம் தன் வேலையைச் செய்தது. வாங்கிப் பார்க்கவேண்டிய மேசை செய்யவில்லை.

நேர்மாறான உதாரணமும் உண்டு. யாழ்ப்பாணத்தின் செம்மணி சித்துப்பாத்திப் புதைகுழியில் தோண்டியபோது கிடைத்த பொருட்களை, புத்தகப்பை, விளையாட்டுப் பொம்மை, உடுப்பு உட்பட, 2025 ஆகஸ்ட்டில் நீதிமன்ற உத்தரவின் பேரில் பொதுமக்கள் அடையாளம் காணப் பார்வைக்கு வைத்தார்கள். நீல நிறப் புத்தகப்பையின் படம் உலகம் முழுக்கப் போனது. அதற்கு எடை வந்தது, எந்த எலும்புக்கூட்டோடு, எந்தக் குழியில், யார் முன்னிலையில் எடுத்தார்கள் என்ற பதிவு நீதிமன்றத்தில் இருப்பதால். பதிவு இல்லாத இடத்தில் அவசரப்படக்கூடாது என்பதை மன்னார் சதொச வளவு கற்பித்தது. 2018இல் அங்கிருந்து வந்த படங்களைப் பார்த்துப் போர்க்காலப் புதைகுழி என்று பலர் தீர்மானித்தார்கள். அமெரிக்க ஆய்வகத்தின் காபன் பரிசோதனை 1404க்கும் 1635க்கும் இடைப்பட்ட காலம் என்றது. அந்த முடிவோடு உடன்படாதவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் படத்தை வைத்துக் காலம் சொல்ல முடியாது என்பதில் இரண்டு கருத்து இருக்க முடியாது.

காணிப் போராட்டங்களும் இதையே சொல்கின்றன. கேப்பாப்புலவு பிலக்குடியிருப்பு சனம் 2017 ஜனவரி கடைசியில் விமானப்படை முகாமின் முன் குந்தினார்கள். மார்ச் 1ஆம் திகதி 42 ஏக்கர் விடுவிக்கப்பட்டது. 2018இல் இரணைதீவு சனம் வெள்ளைக்கொடியோடு படகுகளில் போய், கடற்படை வசமிருந்த தங்கள் தீவில் இறங்கினார்கள். இரண்டையும் கமராக்கள் தொடர்ந்து காட்டின. காட்டியதால் பலப்பிரயோகம் செய்வது கடினமானது என்று நம்பலாம். அதற்கு மேல், எது யாருடைய காணி என்று அந்தச் சனத்தால் சொல்ல முடிந்தது. படத்தில் தெரிந்த வேலிக்கு அப்பால் இருந்த வளவுகளுக்கு ஆள் இருந்தது.

இப்போது செயற்கை நுண்ணறிவால் இல்லாத படத்தையும் உருவாக்கலாம் என்ற அச்சம் வந்திருக்கிறது. போலி என்ற குற்றச்சாட்டு நமக்குப் புதிதில்லை, 2009இலேயே கேட்டுவிட்டோம். மாற்று மருந்தும் பழையதுதான்: மூலக் கோப்பு, எடுத்தவர் யார், யார் கைவழி வந்தது என்ற குறிப்பு. வட்ஸ்அப்பில் வழமைபோல் அனுப்பிய படம் சுருங்குகிறது. எடுத்த நேரமும் இடமும் பற்றிய உள்விவரம் அதிலிருந்து கழன்றுவிடுகிறது. இலங்கையின் 1995ஆம் ஆண்டு 14ஆம் இலக்கச் சான்றுச் சிறப்பேற்பாடுகள் சட்டம் ஒலி, ஒளிப் பதிவுகளைச் சான்றாக ஏற்க வழி வைத்திருக்கிறது. பதிவு மாற்றப்படாதது என்று காட்டவேண்டும் என்றும் கேட்கிறது. 2021இன் 46/1 தீர்மானத்துக்குப் பிறகு ஐ.நா. மனித உரிமை அலுவலகம் சான்றுகளைத் திரட்டிப் பேணும் செயற்திட்டம் ஒன்றை நடத்துகிறது. சாட்சிக்குப் பாதுகாப்பு இல்லாத நாட்டில் எதை எப்போது யாரிடம் கொடுப்பது என்பதை ஒவ்வொரு குடும்பமும் தானே முடிவெடுக்கட்டும், எவரும் அவசரப்படுத்தக்கூடாது. ஆனால் விவரம் எழுதுவதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. 2009 ஜனவரியில் இந்த வட்டக்கச்சிப் பாதையால் போன சனத்தின் படங்கள் ரொறொன்ரோவிலும் பாரிஸிலும் உறவினரின் கணினிகளில் தலைப்பில்லாமல் கிடக்கக்கூடும். எந்தச் சந்தி, எந்தக் கிழமை, யாருடைய உழவு மெசின், பெட்டிக்குள் இருக்கிற பிள்ளைகள் யார் என்று சொல்லக்கூடிய முதியவர்கள் வட்டக்கச்சியில் இன்னும் இருக்கிறார்கள். பாடசாலையின் உயர்தர வகுப்புப் பிள்ளைகள் சிலர் கொப்பியும் பேனையுமாக அவர்களிடம் போவதற்கு அடுத்த தவணை விடுமுறை போதுமான காலம்.